சிரட்டைக் கணக்கு

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
மூன்று மணிக்கு ரப்பர் வெட்ட இறங்கும்போது பார்த்தேன்:
கரையின் அடியில் ஓர் ஈரம்,
பசு படுத்தெழுந்த அளவு.
மழை பெய்து பதினோரு நாளாகியிருந்தது.

மேலே முதலாளி வின்சிலாஸின் குளம்.
குளம் என்றால் கோபிப்பார். லேக் வியூ.
வாத்து முகம் வைத்த மிதிபடகு நான்கு.
ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து
காரில் வருவார்கள், தலைக்கு நூறு ரூபாய்.
தோட்டை மறித்து மண்கரை போட்டது
ஜேசிபி வாடகைக்கு விடும் அவர் மச்சினன்.
இருபதடி உயரம். கரைமேல் அழகுக்குத் தென்னை,
தென்னைக்கு நடுவே ஊஞ்சல்.
கலுங்கு இல்லை என்று சொல்லக்கூடாது, உண்டு:
ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம்.
அதிலும் படகு மிதக்க நாலு பலகை சொருகி,
மீன் ஓடாதிருக்க வலை கட்டி,
வலை முழுக்க ரப்பர் சருகு.

மரத்துக்கு அடிக்கும் தகரச் சில்லை ஈரத்தில் குத்தி
கீழே ஒரு சிரட்டை வைத்தேன்.
இருநூற்றுப் பத்து எண்ணுகையில் நிறைந்தது.
ஆனியில் நூற்று எழுபது.
ஆவணியில் நூற்றுப் பத்து.
சம்பளச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
கசிகிற கரையெல்லாம் உடையாது,
கலங்கிக் கசிகிறதுதான் உடையும் என்று
கால்வாய் வேலைக்குப் போன நாளில்
ஓர் ஓவர்சீயர் யாரிடமோ சொன்னது காதில் கிடந்தது.

"லில்லிபாய், நீ மரத்தப் பாரு" என்றார் முதலாளி.

ஆபீசில் உயரம் கேட்டார்கள்.
இந்த உயரத்துக்கு அது அணைக் கணக்கில் வராதாம்.
எந்தக் கணக்கில் வரும்?
மீன்குளம் என்று எழுதலாமா என்றார் கிளார்க்.
உடைந்தால் அணை ஆகுமா சார் என்றேன்.
பேனாவை மூடினார்.

கீழே பதினேழு வீடு, ஓர் அங்கன்வாடி,
சபை கட்ட இறக்கிய மணல்.
ஒன்பதாவது வீடு என்னுடையது.

எங்கள் பக்கம் குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம்.
கொஞ்சம் வெள்ளம் தா என்றால் செம்பில் தருவோம்.
மற்ற ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைப் பயந்துதான் சொல்கிறார்கள்.
ஐப்பசி மழையின் மூன்றாம் ராத்திரி
எனக்கும் அது அப்படியே வாயில் வந்தது.

வெட்டு இல்லாத நாள். போனேன்.
முப்பத்தொன்றில் நிறைந்தது சிரட்டை.
அடியில் சிவப்பு.
விரலில் தேய்த்தால் அரைத்த மஞ்சள் போல வழுவழுத்தது,
கரையின் உள்ளே இருக்கவேண்டிய மண்.

டிக்கெட் கூண்டில் படுத்திருந்த ஜெனிஷை எழுப்பினேன்.
"மொதலாளிட்ட கேக்கணும் அக்கா."
போன் அணைந்திருந்தது.
சிறிது நேரம் மழையைப் பார்த்தான்,
அவனே கடப்பாரை எடுத்தான்.
ரப்பர் கத்தியால் வலையை அறுத்தேன்.
முதல் பலகை, இரண்டாவது.
மூன்றாவது ஊறி வீங்கி, வரமாட்டேன் என்றது.
நாலாவது இரண்டு துண்டாக வந்தது.
தோடு பழைய சத்தத்தில் பேச ஆரம்பித்தது.
பதினாறு கதவைத் தட்டினேன்.
என் வீட்டில் யாருமில்லை, நான்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது கரை நின்றது.
நாலடி இறங்கியிருந்தது லேக் வியூ,
வாத்துகள் சேற்றில் குந்தியிருந்தன.
அங்கன்வாடி முற்றத்தில் கட்லா துள்ள,
மத்தியானம் வரை தெருவில் பொரிக்கிற மணம்.
மீன் விலை, வலை, பலகை எல்லாம்
என் கூலியில் பிடித்தார்கள்.

"ஒடஞ்சிருக்கும்னு என்ன சாட்சி?" என்றார்.
நல்ல கேள்வி. உடையாத கரைக்குச் சாட்சி ஏது.
சீட்டை நீட்டினேன்.
திருப்பி, சம்பளம் எழுதிய பக்கத்தைப் பார்த்தார்.

ஈரத்தின்மேல் இரண்டு லோடு சல்லி கொட்டினார்கள்.
பலகை திரும்ப ஏறிவிட்டது. ஆனால் மூன்றுதான்,
உடைந்ததற்குப் பதில் யாரும் வாங்கவில்லை.
அந்த ஒரு பலகை அளவு தூங்குகிறேன்.

இன்று காலை நூற்று நாற்பத்து மூன்று.
தெளிவு.
சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு
முதல் மரத்துக்குப் போனேன்.