நாலாவது துளை

முதலில் பிளாஸ்டிக் கதிரைதான்.
சாப்பாட்டு மேசை ஓரத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிவிட்டு
நேர்பாதை முடிவில் பிரேக்கை மிதித்தேன்.
கார் நிற்கவில்லை.
நான்தான் பின்னால் போனேன்,
கதிரையோடு, குசினி வாசல் வரை.

பிறகு முதுகுக்கு ஒரு மூட்டை வைத்தோம்,
கீரிச் சம்பா, இருபத்தைந்து கிலோ.
மாத முதல் வாரம் மலைபோல் நிற்கும்.
இருபதாம் திகதி தாண்டினால்
மூட்டை மெலிய மெலிய
எனக்கு வளைவுகள் தவறின.

லீசிங் கம்பனியில்
மற்றவர் வாகனங்களின் தவணையை விரட்டுகிறவன் நான்.
எனக்கென்று ஒரு பழைய டிஸ்கவர்,
அதுவும் கிக் அடித்தால்தான்.

கொழும்புக்குப் போன் எடுத்தேன்.
அலுமினியச் சட்டம், சீற் இல்லாமல், ஒன்றரை லட்சம்.
நன்றி சொல்லி வைத்தேன்,
அவ்வளவுதான் என்னால் கொடுக்க முடிந்தது.

பிளைவுட்டில் அடிக்கலாம் என்றான் நிலுக்சன்.
கல்லடிக் காற்றுக்கு அது ஊதும்.
பிவிசி குழாய்?
மிதித்தால் வில்லாக வளையும் என்றாள் சுகிர்தா,
நைட் டியூட்டி முடிந்து வந்து
சீருடையோடு தேநீர் குடித்தபடி.
அவள் அவ்வளவு யோசித்திருக்கிறாள் என்பது
அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஓட்டமாவடியில், கழற்றிய வண்டிகளின் நடுவே
சில்மி நானாவிடம் கிடந்தது
டொல்பின் வேனின் முன் சீற் ஒன்று.
"எந்த வேனுக்கு?"
வேன் இல்லை நானா, வீட்டுக்கு.
"வீட்ட எங்க ஓட்டப் போறீங்க?"
தன் பகிடிக்குத் தானே சிரித்து
ஐந்நூறு குறைத்தார்.

டயர் ரியூப்பால் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன்.
ஏறாவூரில் மழை பிடித்தது.
ஆளில்லாத சீற்
என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது,
பயந்த பெண்டாட்டி மாதிரி.
(என் பெண்டாட்டி பயந்தவள் இல்லை.)

ஆரையம்பதிக் கிறில் கடையில்
கோபிதாசன் சோக்கட்டியால் நிலத்தில் கீறினான்.
ஒன்றரை இஞ்சி பொக்ஸ் பார், கூலியோடு பதினெட்டாயிரம்.
யாரோ வீட்டுக் கேற்றுக்கு மிஞ்சிய பச்சைப் பெயின்ற் இலவசம்.
சீற்றை முன்பின் நகர்த்தும் ரெயிலுக்கு
இன்னும் நாலாயிரம்.

ரெயில் வேண்டாம், நேராகப் போல்ட் அடி என்றேன்.
நான் இனி வளரப் போவதில்லை.
சுகிர்தா சொன்னாள்:
"வாட்டில நோயாளிட கட்டிலக் கூட ஏத்தி இறக்கலாம்."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
ஓவர்டைம் காசில்
நாலாயிரத்தை எண்ணி வைத்தாள்.

மாடிப்படியில் தூக்கி ஏற்றும்போது
வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா.
"பல்லுப் புடுங்குற கதிரையா மனே?"
ஓம் அன்ரி என்றேன்.
ரேஸ் கார் என்று விளங்கப்படுத்தினால்
வாடகை கூடும்.

நிற்கிறது இப்போது.
முழு உடம்பையும் போட்டு மிதித்தாலும்
அசைவது திரையில் தெரியும் உலகம் மட்டும்.
மூட்டை குசினிக்குத் திரும்பியது,
சோறு சோறாகவே தீர்கிறது.

நேற்று வியாழக்கிழமை.
வேலையால் வந்து ஏறி உட்கார்ந்தேன்,
முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
ரெயிலில் ஏழு துளை. நான் ஏழாவது.
ஊசி நாலாவதில் நின்றது.

பெடலில் மெல்லிய பவுடர் மணம்.
சீற் ஓரத்தில் ஒரு கொண்டை ஊசி.
பகல் முழுக்கத் தூங்குகிறாள் என்று
சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போன
எத்தனை காலைகள்!

அவள் டியூட்டிக்குப் போய்விட்டிருந்தாள்.
சுற்று நேரங்களின் பட்டியலை நான் திறக்கவில்லை.
திறக்கப் பயம்.

ஊசியை எடுக்காமல்
முழங்கால் இடிக்க இடிக்க ஒரு சுற்று ஓடினேன்.
இடப்பக்கம் கிறுகும்போது
பின்கால் நட்டு ஒன்று கிறீச்சிட்டது.
கோபிதாசனிடம் சொல்ல வேண்டும்.
அதற்கு முதல் அவளிடம்.

எந்த நட்டு என்று
அவளுக்குத் தெரிந்திருக்கும்.