ஜெட் மெஷின் நின்ற வாரம்

மூடியின் ரப்பர் வளையம் கிழிந்து
நூற்று முப்பது டிகிரி ஆவி
தகரக் கூரையில் முட்டித் திரும்பிய திங்கட்கிழமையிலிருந்து
நகரியில் எங்கள் பட்டறைத் தண்ணீர்
நூறைத் தாண்டவில்லை.
புது வளையம் சூரத்திலிருந்து வரவேண்டும்.
புத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு
எண்ணூறு மீட்டர் நேவி ப்ளூ
ஜூன் பத்துக்குள் போகவேண்டும்.

பருத்தியாய் இருந்தால் கவலையில்லை,
ஈரத்தைக் கண்டதும் வாய் திறந்துவிடும்.
பாலியஸ்டர் குளத்து வாத்து.
நாளெல்லாம் முக்கி எடுத்தாலும்
ஒரு உதறலில் காய்ந்துவிடும்.
இழைக்குள்ளே
ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிப் படியில் நிற்பதுபோல்
தோளோடு தோள் நெருக்கிய சங்கிலிகள்.
சாயம் அடிவாரத்தில் நிற்கிறது
காவடியை இறக்கவும் முடியாமல்
ஏறவும் முடியாமல்.

"கேரியர் போடலாம்" என்றார் சுப்புராயுடு.
நான் அடுக்குச் சோற்றுப் பாத்திரத்தை நினைத்தேன்.
கிடங்கின் கடைசி வரிசையில்
லேபிள் உரிந்த நீலக் கேன்.
திறந்ததும்
பட்டறை முழுக்க மூட்டுவலித் தைலம்.
மொகிலி துண்டை மூக்கில் கட்டிக்கொண்டான்.
"எதிரே அத்தனை பெரிய மூக்கோடு
மலை எப்படித்தான் நிற்கிறதோ" என்றான்.

வெந்நீரில் ஊற்றி அடித்தேன்.
எண்ணெய் மிதக்காமல் பாலாய் வெளுத்தது.
சாயப்பொடி திப்பி கட்டாமலிருக்க ஒரு மருந்து,
லிட்மஸ் தாள் லேசாய்ச் சிவக்கும்வரை
அசிட்டிக் ஆசிட்.
அறுபதிலிருந்து மெதுவாக,
நிமிடத்துக்கு ஒரு டிகிரி.
விஞ்ச் சுற்றச் சுற்ற
துணி போனது, வந்தது,
போனது.

எண்பத்தைந்து வரை ஒன்றுமில்லை.
வெளுத்த துணி, கறுத்த தண்ணீர்.
அப்புறம் கேரியர் உள்ளே நுழைந்திருக்கவேண்டும்,
யாரையும் தள்ளாமல்
பக்கவாட்டில் ஒருச்சாய்த்து,
"கொஞ்சம் தள்ளிக்குங்க"
என்று சொல்லிக்கொண்டே போகிற ஆளைப்போல்.
அது விலக்கிய சந்தில்
ஒவ்வொன்றாய்ச் சாயம் ஏறியது.
கொதிநிலையில் ஒன்றரை மணி நேரம்.
தண்ணீர் தெளியத் தெளிய
துணி இருட்டியது.

மூடியில் வேர்த்த துளி விழுந்தால்
அந்த இடம் மட்டும் கறுத்துத் தேமலாகும்.
மொகிலி சாக்குத் துணியால்
மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்
கண்ணில் நீர் வழிய.

காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு
மேலே ஒட்டியதைக் கழுவினோம்.
பிறகு வேக்காட்டுக் காற்றில் விட்டு
கேரியரை வெளியேற்றினோம்.
தங்கவிட்டால்
வெயிலில் நீலம் சீக்கிரம் செத்துப்போகுமாம்.
வேலை முடிந்ததும் வழி காட்டியவனைத்தான்
முதலில் துரத்தவேண்டும்.
பில்லில் அதற்கு வரி கிடையாது,
"சாயக் கூலி" மட்டும்.

துணியிலிருந்து போனது
என் தலைமுடியிலிருந்து போகவில்லை.

ஏழரைக்குப் பள்ளிப்பட்டு பஸ்.
எந்த நாளும் போல்
கூடை, சாக்கு, கல்லூரிப் பையன்கள்,
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே மூச்சு.
கனகாம்பரம் வைத்த அம்மாள்
என் பக்கம் திரும்பி முகர்ந்தாள்.
"எக்கட நொப்பிம்மா?"
எங்கே வலி என்று
யாரும் என்னைக் கேட்டு வெகுநாளாகிறது.
வாயில் வந்தது "மோகாலு".
முழங்கால் பாவம், அதற்கொன்றுமில்லை.
அவள் இடுப்பை நகர்த்தினாள்,
அவளுக்கு அடுத்தவர் மூட்டையை மடியில் வைத்தார்,
ஜன்னலோரப் பையன் சுவரோடு ஒட்டினான்.
மூன்று பேர் சீட்டில் எங்கிருந்தோ
ஒரு சாண் இடம் திறந்தது.

மாநில எல்லைப் பலகை தாண்டும்வரை
அவள் தன் சின்ன மருமகளின் முழங்காலைப் பற்றிப் பேசினாள்.
நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.
மறுநாளும் அதே சீட்டு.
அதற்கு மறுநாளும்.

பன்னிரண்டாம் நாள் வளையம் வந்தது.
ஜெட் மெஷின் உறுமியது, நூற்று முப்பது,
கேன் கடைசி வரிசைக்குத் திரும்பியது.
சீயக்காய் போட்டு இரண்டு முறை குளித்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில்
அதே அம்மாள், அதே கனகாம்பரம்.
என்னைப் பார்த்தாள்,
யார் என்று பிடிபடவில்லை.
பள்ளிப்பட்டு வரை
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.