வலப்பக்க ஸ்டியரிங்

சல்மாபாத்தில், எங்கள் கராஜின் பின்சுவரோரம்
செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது டிரையம்ப்.
அறுபத்து மூன்றாம் வருஷத்து வண்டி.
நிறம் பச்சை என்று சீட்டில் எழுதியிருக்கிறது.
கதவிடுக்கில், விரல்நகம் அளவுக்கு,
அது உண்மைதான்.

இதற்குப் பேட்டரியை மாற்றிப் பூட்ட வேண்டும்.
பாசிட்டிவ்தான் பாடியில் சேரும்.
இருபது வருஷமாகக்
கறுப்பு ஒயரையே எர்த் என்று நம்பியவன் நான்.
முதல் நாளே துண்டுக் காகிதத்தில் எழுதி
ஸ்டியரிங்கில் ஒட்டினேன்:
‘இங்கே எல்லாம் தலைகீழ். யோசித்துத் தொடு.’
டென்டர் ஜம்ஷெதுக்குத் தமிழ் தெரியாது.
ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டு
அதைத் தாண்டி அவன் கை வைப்பதில்லை.

வண்டியை நிறுத்தியது துரு இல்லை.
அறுபத்தேழில் ஓர் இரவு
தீவின் சாலைகள் பக்கம் மாறின.
இடப்பக்கமாகத் தூங்கப்போன ஊர்
வலப்பக்கமாக எழுந்தது.
பத்ரியா மேடத்தின் அண்ணன் மட்டும்
மாட்டேன் என்றாராம்.
முஹர்ரக் வீட்டுக் கொட்டகையில் பூட்டிவிட்டு,
சாவி சட்டைப்பையில் கிடக்க,
கடைசிவரை டாக்சியில்தான் போனாராம்.

சீட்டைக் கழற்றினேன்.
எலி பிய்த்த பஞ்சு, பேரீச்சங்கொட்டை ஏழு,
பூவிளிம்பு வைத்த பத்து நயா பைசா.
“உன் ஊர்க் காசு” என்றார் மேடம்,
அவருக்குத் தெரிந்த இந்தியில்.
அந்தக் காலத்தில் இங்கேயும் அதுதான் செல்லுமாம்.
“உங்கள் வண்டிக் காசு” என்றேன்.
யாரும் எடுக்கவில்லை.
டேஷ்போர்டிலேயே கிடக்கிறது.

வியாழன் மாலை வருவார்.
இடப்பக்கம் ஏறி உட்காருவார்.
இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் உட்காரும் பக்கம்.
ஸ்டியரிங் இல்லாத இடத்துக்குக்
கை தானாக நீளும், பிறகு மடிக்குத் திரும்பும்.
போன வாரம் ஒயர் சோதிக்க
நான் வலப்பக்கம் இருந்தேன்.
சாத்தூரில் டிரெக்கர் ஓட்டிய உடம்பு;
இடக்கை போய் கியரைப் பிடித்துக்கொண்டது.
ஒரே வண்டியில் இரண்டு டிரைவர்.
முன்னால் சுவர்,
சுவரில் போன வருஷத்து டயர் கம்பெனி காலண்டர்.

“எந்தப் பக்கம் திருப்பட்டும்?” என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
கண்ணாடியைத் துடைத்து, சாய்த்து,
பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார்.

ஹாரன் ஒயரை வைத்தேன்.
சளி பிடித்த வாத்து மாதிரி ஒரு சத்தம்.
பெயின்டர் ரொமெல் ஸ்ப்ரே கன்னோடு ஓடிவந்தான்.
“மறுபடியும்” என்றார் மேடம்.
மறுபடியும் வரவில்லை.

இங்கிலாந்திலிருந்து சாமான் பெட்டி
கஸ்டம்சில் பதினெட்டு நாள் படுத்துக்கிடந்து
நேற்று வந்தது.
கேஸ்கட் சரி. ரப்பர் பீடிங் சரி.
கதவுக் கைப்பிடி ஒரு ஜோடி கேட்டிருந்தோம்.
இரண்டும் இடது.

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.
வியாழனுக்கு மூன்று நாள் இருக்கிறது.