இழுப்புகள்: பூஜ்ஜியம்

என் பெயர் உக்னே.
எங்கள் மொழியில் நெருப்பு என்று பொருள்.
நெருப்பே எரியாத ஒரு பழக்கத்தை
ஆராயச் சம்பளம் வாங்குகிறேன்.
பேராசிரியருக்கு இது நல்ல வேடிக்கை,
ஒவ்வொரு அறிமுகக் கூட்டத்திலும் தவறாமல் சொல்வார்.

கௌனாஸ் நகரில் நாற்பது பேர்.
ஆளுக்கொரு கருவி, உள்ளே எண்ணும் சில்லு,
ஆளுக்கொரு பை, தீர்ந்த குச்சிகளைப் போட.
திங்கள்தோறும் போய் வாங்கி வருவேன்.
கோட்டில் ஏறிவிடும் கருகிய சோளப்பொரி வாடை.
"அம்மா, உனக்கு சினிமா தியேட்டரில் வேலையா?"
என்கிறான் மகன்.

புகைபிடிப்பீர்களா, இது முதல் கேள்வி.
டிராலிபஸ் ஓட்டும் செனோனாஸ் சொன்னார்: இல்லை.
சொல்லும்போதே அவர் கை
சட்டைப்பையில் கருவியைத் துழாவியது.
புகைதான் வருவதில்லையே.
நேர்மையான மனிதர், பொய் சொல்லவில்லை.

பல் மருத்துவம் படிக்கும் பெண்ணுக்கோ
வகுப்பில் உதட்டுக்கடியில் வெள்ளைப் பொதி,
வழியெல்லாம் மாம்பழ ஆவி,
சனிக்கிழமை இரவு, மதுவிடுதி வாசலில்,
யாரிடமாவது கேட்டு வாங்கிய அசல் சிகரெட்.
"அது கணக்கில் வராது, ஓசிதானே?"

படிவத்தில் கட்டங்கள் போதவில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
ஓரமும் போதவில்லை.

நெருப்பில்லாமல் புகையுமா என்று
ஊரார் கேட்டுவிட்டுப் போகலாம்.
நான் கேட்க வேண்டியது
எது நின்றது, எது கூடியது,
எப்போது, எத்தனை.

முப்பத்தோராம் எண்ணில்தான் இடித்தது.
யோலிதா. அலமாரிக் கதவு செய்யும் ஆலை,
பலகைக்கு ஓரம் ஒட்டும் இயந்திரம்.
கருவி சொல்கிறது: நாளைக்கு நான்கு முறை சூடேறியது.
ஒவ்வொரு முறையும் முழு ஆறு நிமிடம்.
இழுப்புகள்: பூஜ்ஜியம்.
மறுநாளும் பூஜ்ஜியம்.
மூன்று வாரம், ஒரே முட்டை.

குச்சிகளைத் தராசில் வைத்தேன்.
உள்ளே இலை வெந்து பழுத்திருந்தது.
வாய் வைக்கும் முனையோ
பிரித்த பெட்டியிலிருந்து வந்ததுபோல் வெள்ளை.
சாயமில்லை, பல் பட்ட தடமில்லை.
கருவிக் கோளாறு என்று எழுதி
புதியதொன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிப்ரவரி.
ஆலைக்குப் பின்னால் தகரக் கூரை, ஒரு மணல் வாளி,
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் ஐந்தாறு பெண்கள்.
யோலிதா கருவியை அழுத்தினாள்.
அது அதிர்ந்ததும் கையுறைக்குள் இறுக்கிக்கொண்டாள்.
யாரோ தன் மருமகன் ஏமாந்து வாங்கிய
பழைய காரின் கதையைச் சொல்ல
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
கருவியை வாயருகே கொண்டுபோகவே இல்லை.

"டிசம்பரிலேயே விட்டுவிட்டேன்" என்றாள் என்னிடம்,
திருட்டை ஒப்புக்கொள்பவள் குரலில்.
"வீதேனிஸ் காதுக்குப் போய்விட வேண்டாம்.
புகைப்பவர்களைத்தான் இடையில் வெளியே விடுவான்.
மற்றவர்களுக்கு மதியச் சாப்பாட்டு மணி மட்டும்.
குச்சிக்குக் கொடுக்கிற காசு தண்டம்தான்.
ஆனால் நாளைக்கு இருபத்துநாலு நிமிடம்
வேறு எந்தக் கடையில் விற்கிறார்கள், சொல்லுங்கள்?"

கருவி இருமுறை அதிர்ந்தது.
பேச்சு பாதியில் நிற்க, குச்சியை உருவி
என் பையில் போட்டாள், சூடு ஆறுமுன்.

இரவு, அலுவலகம், படிவம்.
பயன்படுத்துபவரா? அல்லவா?
விட்டவர் என்று எழுதினால் விதிப்படி நீக்க வேண்டும்,
மாதாமாதம் தரும் இருபது யூரோ அட்டையும் போகும்.
சேர்த்துக்கொண்டாலோ
நாற்பது பேரின் சராசரி சாயும்.

நான் எதையும் புகைப்பதில்லை.
பதினோரு ஆண்டில்,
மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில்,
இந்தக் கட்டடத்துக்கு வெளியே
சும்மா போய் நின்ற ஒரு நாள்
தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

கோளாறு என்பதை அடித்துவிட்டு
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
கருவி சரியாக இருக்கிறது.

கொண்டுபோன புதுக் கருவி
உறை பிரிக்காமல் மேசைமேல் கிடக்கிறது.
வியாழனுக்குள் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும்,
காரணத்தோடு.