கேட் சாத்தும் நேரம்

கடலூர் முதுநகரில், ரயிலடிக்குத் திரும்பும் வளைவில்
எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே பள்ளிக்கூடச் சுவர்.
சவாரி இல்லாத மத்தியானங்களில்
எனக்கு அதுதான் சினிமா.

ஆர்ட்டிஸ்ட் பாவாடைராயன் பதினோரு நாள் வரைந்தார்.
ஒரு பூனை. ஒரு கூழைக்கடா.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சங்கரா மீன்.
கறுப்பு பெயின்ட் பாதியில் தீர்ந்துபோனதில்
பூனைக்கு முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் ஊதா.

முதல் கட்டத்தில்
கயிற்றில் சுருக்குப் போட்டுக் காத்திருக்கிறது பூனை.
இரண்டாம் கட்டத்தில்
சுருக்கில் தலைகீழாகப் பூனை.
அடுத்ததில் ரோடு ரோலர் ஏறி
அப்பளமாகக் கிடக்கிறது கூழைக்கடா.
அதற்கடுத்து அந்த அப்பளமே
பூனையைச் சுருட்டிக்கொண்டு உருள்கிறது.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது.
பாலம் முடிந்தது தெரியாமல்
வெறுங்காற்றில் நாலு எட்டு வைத்துவிட்டது பூனை.
இன்னும் கீழே பார்க்கவில்லை.
ஆறு வருஷமாகப் பார்க்கவில்லை.
வண்டிக்கு டியூ கட்டுகிறவனுக்கு
அந்த நடை தெரியும்.

அதோடு சுவர் முடிந்து கேட் வருகிறது.
இரும்பையும் விடவில்லை பாவாடைராயன்.
இடது கதவில், தோசைக்கல்லை ஓங்கிய கூழைக்கடா.
வலது கதவில், மீனைக் கவ்விய பூனையின் மண்டை.
காலை ஒன்பதுக்கு ஆயா லூர்துமேரி
கேட்டைத் திறந்தால் பூனை தப்பித்தது.
நாலு மணிக்குச் சாத்தினால்
டங்!
சனி ஞாயிறு முழுக்கக்
கல் மண்டையிலேயே ஒட்டிக் கிடக்கும்.
முழுப்பரீட்சை லீவில் அதன் நிலைமை
கேட்கவே வேண்டாம்.

ஒரு தை மாதம்
வட்டிக்கடை சிங்காரவேலு காலமானார்.
கண்ணீர் அஞ்சலி போஸ்டரை
சுருக்கில் தொங்கும் பூனைமேல் ஒட்டிவிட்டார்கள்.
மேலே முறுக்கிய மீசை,
'ஆழ்ந்த வருத்தத்துடன் நண்பர்கள்',
அதற்கும் கீழே ஊதா வால்.
கடன்காரர்கள் நின்று கும்பிட்டுப் போனார்கள்,
வாலையும் சேர்த்து.

மூன்றாம் நாள் ரஜபு பாயின் வெள்ளாடு வந்தது.
முதலில் கண்ணீரைத் தின்றது.
பிறகு அஞ்சலி.
மீசையைக் கொஞ்சம் யோசித்துத் தின்றது.
காகிதத்துக்குள்ளிருந்து
இளித்தபடி வெளியே வந்தது பூனை.
'உயிர்த்துட்டான் பாரேன்' என்ற லூர்துமேரி
சிலுவை போடப்போன கையால்
தலையைச் சொறிந்துகொண்டாள்.

கார்த்திகையில் உப்பனாறு ஏறி ரோட்டுக்கு வந்தது.
ஐந்தாம் கட்டத்துப் பூனைக்கு
உள்ளங்காலுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர்.
இப்போது விழுந்தால் அடிகூடப் படாது.
அப்போதும் அது பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கேட்டுக்குத் துரு.
நாலு மணிக்கு லூர்துமேரி தள்ளினாள்.
கிறீச்.
மண்டைக்கு ஒரு முழம் முன்னால்
நின்றுவிட்டது தோசைக்கல்.
'டங்' என்று பிள்ளைகள் வாயாலேயே சொல்லிப் பார்த்தார்கள்.
சரியாக வரவில்லை.
மறுநாளும் அதே கிறீச்.
பூனையின் பழைய இளிப்புதான்,
ஆனால் அதில் ஒரு திமிர் சேர்ந்திருந்தது.
என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி பாசஞ்சர் போன பிறகு,
நாய்கள் மட்டும் பார்க்க,
கீல் மூன்றிலும் இன்ஜின் ஆயில் விட்டேன்.
தோளைக் கொடுத்து அசைத்தேன்.
சத்தம் வராமல் கடைசி விரற்கடையில் பிடித்துக்கொண்டேன்.
அது பிள்ளைகளுடையது.

மறுநாள் நாலு மணி.
டங்!
ரோட்டுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது சிரிப்பு.
கல் பட்ட இடத்தில் பெயின்ட் உதிர்ந்து
பூனைக்கு நிஜமாகவே ஒரு காயம்.
என் விரலில் ஆயில் வாடை போகவில்லை.
அதற்கு நான்தான் என்று தெரிந்திருக்குமோ?

'திருப்பாப்புலியூர் வரீங்களா?' என்றார் ஒருவர்.
பேசியதற்குப் பத்து ரூபாய் குறைத்தே வாங்கினேன்.
கேட்டைத் தாண்டும்போது
நேராக ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.