கறுப்பு நாடா

கட்சிகளை நான் கெஜக் கணக்கில் அறிவேன்.
நியூபரிபோர்ட் துறைமுகம், நடுத்தெரு.
தொப்பி, கையுறை, நாடா.
பலகையில் இன்னும் ஏனோஸ் தர்லோ என்றிருக்கும்.
அவர் கடலோடு போனபின்
பெயரை அழிக்கக் கூலி கொடுக்க மனமில்லை.

தொண்ணூற்றெட்டில், பிரான்சோடு போர் வரும் என்ற வசந்தத்தில்,
ஒரே வாரத்தில் கறுப்பு நாடா தீர்ந்தது.
மடித்து மடித்து ரோஜாபோல் சுற்றி
நடுவில் ஒரு பித்தளைப் பொத்தான்,
தொப்பியின் இடப்பக்கம்.
ஃபெடரலிஸ்ட் என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம்.
பாதிரியார் வாங்கினார். வங்கிக்காரர் வாங்கினார்.
கேப்டன் அசஹெல் பெட்டிங்கில்
மூன்று தொப்பிக்கும் மூன்று வாங்கினார்.

ஜேபஸ் கூம்ஸ்,
கப்பல் இடுக்குகளில் தார் அடைப்பவன்,
பின்கதவு வழியே வந்து
சிவப்பு வெள்ளை நீலம் கேட்டான்.
தைத்துக் கொடுத்தேன். அதே ஊசி.
மறுநாள் படித்துறையில்
கேப்டன் அவன் தொப்பியைத் தட்டிவிட
அவன் கேப்டன் தொப்பியைத் தட்டிவிட
இரண்டும் மெர்ரிமாக் ஆற்றில் மிதந்து போயின.
இரண்டும் என் தையல்.
கண்ணுக்கு எட்டியவரை பிரியவில்லை.

ஆயிரத்து எண்ணூறில் கேப்டன் பக்கம் தோற்றது.
எனக்கு வாக்கில்லை, கணக்குப் புத்தகம் உண்டு.
“நாலே வருஷம், கெசையா.
அவர்களுக்கு ஆளத் தெரியாது.
நாற்பது கெஜம் தருவித்து வை” என்றார்.
தருவித்தேன். கடனுக்கு.

நாலு எட்டாயிற்று.
துறைமுகத்தைச் சட்டம் போட்டுப் பூட்டினார்கள்.
மழை இறங்காதிருக்க
பாய்மர உச்சிகளில் தார்ப்பீப்பாய்களைக் கவிழ்த்தார்கள்.
துறைமேடையில் புல்.
அந்த வருஷம் பதினைந்து கெஜம் விற்றது.
கோபம் இருக்கும்வரை கட்சிக்கு உயிர் இருந்தது.

பதினொன்றில் ஊர் தீப்பிடித்தபோது
நாடாப் பெட்டியின் ஒரு பக்கம் நான் பிடித்தேன்.
மறுபக்கம் பிடித்தவன் ஜேபஸ்.
உள்ளே என்ன நிறம் என்று கேட்கவில்லை.

பிறகு போர். பிறகு ஹார்ட்ஃபோர்ட்.
பனிக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு
மூன்று வாரம் பேசினார்கள் கேப்டனின் ஆட்கள்.
தீர்மானத்தோடு தலைநகர் போய் இறங்குகையில்
சமாதானம் அங்கே வந்துகொண்டிருந்தது.
தெருப்பையன்கள்கூடச் சிரித்தார்கள்.

கட்சியை விட்டேன் என்று எவரும் சொல்லவில்லை.
புதுத் தொப்பி கேட்டார்கள்.
“நாடா?” என்பேன்.
“வேண்டாம், வெயிலுக்குத்தான்” என்பார்கள்.
இனி கட்சியே இல்லை, எல்லோரும் ஒன்று
என்று பத்திரிகை எழுதிய கோடையில்
ஜேபஸ் இளைத்துப்போனான்.
சண்டை போட ஆளில்லை.
அவன் கட்சிக்குள்ளேயே நாலு பேர்
ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.
அவன் அந்தப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்வான்.

இருபத்து மூன்றில் கேப்டன் இறந்தார்.
மகள் வந்து ஆறு கெஜம் கறுப்பு கேட்டாள்.
அவர் தருவிக்கச் சொன்ன சுருளிலிருந்தே வெட்டினேன்.
பழைய பாக்கியைச் சொல்லவில்லை.

சவ ஊர்வலத்துக்கு முன்
முன்கதவு வழியே வந்தான் ஜேபஸ்,
தொப்பி கையில்.
துக்கத்துக்குப் புஜத்தில்தானே கட்டுவார்கள் என்றேன்.
“தெரியும்.
மடித்துத் தை. இடப்பக்கம்.
பொத்தான் இருக்கிறதா?”

இருந்தது ஒன்று. களிம்பு ஏறிப்போய்.

போன செவ்வாய்க்கிழமை
தாடி அரும்பாத ஒருவன் வந்தான், பாஸ்டனிலிருந்து.
இருநூறு பட்டை வேண்டுமாம்,
பட்டில், எழுத்து அச்சடித்து.
நாட்டையே மாற்றப் போகிறார்களாம்.
கட்சியின் பெயரை இரண்டு தடவை சொன்னான்.
எனக்கு இப்போது காது சரியில்லை.

பாதிப் பணம் முன்னால், என்றேன்.