இரண்டாம் தரம்

படத்தில் இருப்பது இதுவல்ல என்று
பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.
மாதிரிக்கு மட்டுமாம்.
"தரம் பி. உபயோகித்த அடையாளங்கள் இருக்கலாம்."
அந்த 'லாம்' இருக்கிறதே,
அது மூன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு 'பி' தெரியும்.
பதினோரு பருவமாக
க்ரூயெட்ஸ் ஆப்பிள் கிடங்கில்
பெல்ட்டின் இடது பக்கம் நிற்கிறவள் நான்.
கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும் புள்ளி என்றால்
முதல் தரம்.
நகத்தைத் தாண்டினால் இரண்டு.
ஆலங்கட்டி கொத்தியது ஜூஸுக்குப் போகும்.
ஒரு பழத்துக்கு ஒன்றரை நொடி.
அதற்கு மேல் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்பாள்
எதிர்வரிசை வியெஸ்வாவா.

அவளேதான் கேட்டாள்:
"எழுதத்தானே வாங்குகிறாய்?
கல்யாணமா பண்ணிக்கொள்ளப் போகிறாய்?"

எண்ணூற்று நாற்பது ஸ்வோட்டி.
மாலைக் கணக்கியல் வகுப்பில்
என்னைத் தவிர எல்லாருக்கும் இருபது வயசு.
நான் வாயைத் திறப்பதற்குள்
லேப்டாப்பின் மூடி பேசிவிடும்.
அதுதான் பயம், வேறொன்றுமில்லை.

பெட்ரோல் பங்க் ஓரத்துப் பார்சல் பெட்டியிலிருந்து
ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டிய அன்று
கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தேன்.
சமையலறை விளக்கைத் தாழ இழுத்தேன்.
பன்னிரண்டு போட்டோ எடுத்தேன்.

மூடியில் ஒரு கீறல், பூனை மீசை நீளம்.
வலது மூலையில் பூச்சு உதிர்ந்த இடம், ஆப்பிள் விதையளவு.
அடியில் ஸ்டிக்கரைப் பிய்த்த பசை;
அதில் பாதி எண், 4417.
கத்தோவிட்ஸேவில் ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸாம்.
எழுத்து விசைகள் மங்கிக் கிடக்க
அழிக்கும் விசை மட்டும்
சோப்புப் போட்டுக் கழுவிய தட்டாகப் பளபளத்தது.
யார் நீ,
எழுதியதைவிட அதிகம் அழித்தவனே?
"வருந்துகிறோம்" என்று அடித்து
அடித்ததை அழித்து
மறுபடி "வருந்துகிறோம்" என்றே முடித்தவனா?

தம்பி லெஷெக் வந்தான்.
"ஓடுதா?"
"ஓடுது."
"அப்புறம் என்ன?"
"மூடி."
நீல வேனுக்கு வெள்ளைக் கதவு மாட்டி
ஏழு வருஷமாக ஓட்டுகிறவன்.
அவனிடம் போய்ச் சொன்னேன் பார்.

பதினாலு நாளுக்குள் திருப்பலாம்.
(இங்கேயும் ஒரு லாம்.)
பதின்மூன்றாம் நாள் ராத்திரி
குமிழ்த்தாளில் சுற்றி, டேப்பைக் கடித்து அறுத்து
படிவத்தை எடுத்தேன்.
நாலாவது கேள்வி:
"பெற்ற நிலையிலேயே அனுப்புகிறீர்களா?"

சுற்றியதைப் பிரித்தேன்.
கீல் பக்கத்தில் மெல்லிசாய் ஒரு கோடு.
இது வரும்போதே இருந்ததா?
என் கைச்சங்கிலி உரசியதா?
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால்
சரியாக அந்த இடத்தில்
விளக்கின் வெளிச்சம் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது.
சாய்த்தேன். திருப்பினேன்.
விரலை நனைத்துத் தேய்த்தேன்.
அவனுடையது எது, என்னுடையது எது என்று
பதினோரு பருவக் கண்ணுக்குப் பிடிபடவில்லை.
மணி ஒன்றே கால்.
ஒன்றரை நொடி
எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பு.
பக்கத்து இருக்கைப் பையன் கயெடானுக்குப் புத்தம் புதுசு.
மேல்தாளை இன்னும் உரிக்கவில்லை,
ஓரமெல்லாம் காற்று ஏறி உப்பியிருந்தது.
என் மூடியை அவன் பார்க்கக்கூட இல்லை.
"சார்ஜர் இருக்கா, ஒரு பத்து நிமிஷம்?"
கொடுத்தேன்.

அவன் கையில் சுருள் பிரியும்போதுதான் கண்டேன்,
ஒயரின் கழுத்தில்
யாரோ சுற்றிய கறுப்பு டேப்,
மூன்று சுற்று, நுனி மடித்து, பொறுமையாக.

அதை நான் எண்ணவே இல்லை.